சான்றுப்பொருள் இலக்கம் மூன்று

அட்டன் நீதிமன்றத்தின் பின்கட்டில்
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
கசிப்புக் கான், கவ்வாத்துக் கத்தி,
கோழித் திருட்டில் சிக்கிய சைக்கிள்,
எல்லாவற்றுக்கும் அட்டை கட்டி வைத்திருக்கிறேன்.
மழை மாதத்தில் அட்டைகள் ஊதிப்போகும்,
எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாயும்.

புதிதாக வரும் நீதவான்மார்
முதல் வாரம் சட்டம் பேசுவார்கள்.
இரண்டாம் வாரம், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க,
"அந்தப் பழைய பிஸ்டலைக் கொஞ்சம்..." என்பார்கள்.
யார் சொன்னது என்று நான் கேட்டதில்லை.

நாற்பத்தைந்து.
சண்டைக் காலத்தில் எந்தப் பட்டாளத்தானோ
பங்களாவில் விட்டுப்போனது.
நூறு வருடத்துக்கு முன் ஒருவன் கீறிய கோடு,
அதற்கு மேல் எவனாலும் ஒரு கோடு திருத்த முடியவில்லை
என்றார் தியத்தலாவையிலிருந்து வந்த
ஆயுதச் சார்ஜன் வீரக்கோன்.
ஆணிமுடுக்கி கேட்கவில்லை.
என் சோற்றுப்பெட்டித் துணியை மேசையில் விரித்து
விரலாலேயே கழற்றினார்:
ஸ்லைடு, குழல், சுருள்வில்.
மரப்பிடியில் மீன்செதில் போலக் கீறல்.
"பாருங்க மிஸ், முதுகில ஒரு நாக்கு.
முழுக் கையையும் குடுத்தாத்தான் சுடும்.
அரை மனசுக்காரனுக்கு இது வேலை செய்யாது."
திரும்பப் பூட்டினார்.
நல்ல கதவு நல்ல நிலையோடு சேருகிற சத்தம்.

சட்டத்தரணி மோகனரங்கன்
கண்ணை மூடிக்கொண்டு எடை பார்த்தார்.
பொலிஸ் பெரியவர்
அலுமாரிக் கண்ணாடியில் தெரிந்த தன்னையே
குறிபார்த்துச் சிரித்தார்.

நான் மட்டும் என்ன.
ஆனிக்காற்று தகரத்தை உலுக்கிய ஒரு மத்தியானம்,
கரண்ட் இல்லை, ஆள் இல்லை,
எடுத்தேன்.
மூன்று தலைமுறை கொழுந்தெடுத்த கை,
கட்டைவிரல் கொஞ்சம் வெளியே வளைந்தது.
அதற்கும் பொருந்தியது.
இறக்கி வைத்த பிறகும் வெகுநேரம்
உள்ளங்கை எதையோ கேட்டுக்கொண்டிருந்தது.
அன்று சோறு இறங்கவில்லை.

இலக்கம் இரண்டு, ஈயம்.
தீப்பெட்டிக்குள் உருளும்.
இலக்கம் மூன்று, படங்கு.
அதை இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

சீனியம்மா, வயது முப்பத்துநான்கு, தொழில் கொழுந்து.
ஏழாம் நம்பர் மலை.
சின்னத்துரை துடைத்துக்கொண்டிருந்தபோது
தவறி வெடித்ததாகத் தீர்ப்பு.
கொட்டும் மழையில், மலை உச்சியில் நின்று
யார் துப்பாக்கி துடைப்பார்?
குறுக்கு விசாரணையில் அந்தக் கேள்வி இல்லை.
நான்கு தரம் தேடிவிட்டேன்.
முழுக் கையையும் கொடுத்தால்தான் சுடும் என்று
வீரக்கோன் சொன்னதும் அதில் இல்லை,
அவர் அப்போது பிறந்தே இருக்கமாட்டார்.

ஓட்டை சின்னதுதான்.
பீடி நெருப்புப் பட்டது என்றால் நம்புவீர்கள்.
தேயிலைக் கறை அதைவிடப் பெரிது,
இடுப்புக் கயிறு இன்னும் முடிச்சோடு.

போன மாதம் கொழும்பிலிருந்து கடிதம்:
இலக்கம் ஒன்று, பெறுமதி வாய்ந்தது,
நூதனசாலைக்கு ஒப்படைக்கவும்.
இலக்கம் மூன்று, பூச்சி அரித்தது, எரிக்கவும்.

வான் வந்த காலை ஒரே பனி,
ரயில்பாதைகூடத் தெரியவில்லை.
கையுறை போட்ட பையன் பொதியை வாங்கி
மோந்து பார்த்து முகம் சுளித்தான்.
"இது என்ன சாக்கு?"

"உறை" என்றேன்.
"பிஸ்டலுக்கு உறை தோல்ல இல்லையா வரும்?"
"இதுக்கு இதுதான்.
கழற்றினால் இலக்கம் மாறிப்போகும்.
இங்க கையெழுத்து வைங்க."

வைத்தான்.
பேனை எழுதவில்லை, இரண்டு தரம் உதறினான்.