மிதவையின் மேல்

ஓலுவில் பிப்ரவரி.
வெளியே கடல் கெட்டித்துக் கிடக்கிறது,
அதன்மேல் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறார்கள்.
என் கூடத்தில் இன்னொரு கடல்:
நானூறு லிட்டர், இருபத்தைந்து டிகிரி.
அதில் நீலக் கொம்புப் பவளம்
அடியிலிருந்து வெளுத்து வருகிறது.

முதல் நாள் நகக்கண் அளவு.
நான்காம் நாள்
கணு வரை சதை உரிந்து
எலும்பு தெரிந்தது.

எனக்கு இது புதிதல்ல.
பகலெல்லாம் பல் மருத்துவமனையில்
பிறர் வாயைச் சுரண்டுபவள் நான்.
ஈறு இறங்குவதும் இப்படித்தான்,
வலிக்காமல், வேர்ப்பக்கமாக.
எப்போதிலிருந்து என்று கேட்டால்
எல்லோரும் ஒரே பதில்: திடீரென்றுதான்.

யோர்மா பனி உடைக்கும் கப்பலில் இருக்கிறான்.
மூன்று வாரம் அவன் கடல் அங்கே,
மூன்று வாரம் அவன் கடல் என் பொறுப்பில்.
சிக்னல் கிடைக்கும்போது கேட்பான்.

பாஸ்பேட்?
சரியாக இருக்கிறது.
காரத்தன்மை?
ஆறரை.
மருந்தைக் கூட்டு. கால்சியம்?
அதுவும் இறங்கியிருக்கிறது.
அதையும் கூட்டு.
பம்புக் காந்தம் துரு ஏறியிருக்கிறதா?
இல்லை.
ஜன்னல் துடைக்க ஏதாவது தெளித்தாயா?
யோர்மா.
கேட்டேன், அவ்வளவுதான்.

இரவு இரண்டு மணிக்கு
சிவப்பு டார்ச்சுடன் குந்தியிருந்தேன்,
தட்டைப்புழு உண்டா என்று.
ஓர் இறால் மட்டும்
காவல்காரன் போலக் குறுக்கே போய்விட்டு வந்தது.
எங்கோ தண்ணீர் சொட்டியது.
மாடிவீட்டு ஹில்க்காவின் குளியல் என்று
போர்வையை இழுத்துக்கொண்டேன்.

ரேடியேட்டர் காற்றில் உதடு வெடிக்கும் காலம்.
ஆவியாகும் நீரை ஈடுகட்ட
நல்ல தண்ணீர் வாளி ஒன்று உண்டு.
தினம் மாலை அது காலியாக இருந்தது,
தினம் மாலை நான் நிரப்பினேன்.
காற்று குடிக்கிறது என்று நினைத்தேன்.
பாவம், எவ்வளவு தாகம் என்றுகூட நினைத்தேன்.

ஆறாம் நாள்
கீழ்த்தொட்டிக் கதவைத் திறந்து
முழங்கையை விட்டுத் துழாவினேன்.
மிதவை சுவிட்சின் தலையில்
கொட்டைப்பாக்கு அளவு நத்தை,
சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருந்தது.
அதன் பாரத்தில் மிதவை தாழ,
நீர் குறைவு, நீர் குறைவு என்று
பம்பு அள்ளி அள்ளி ஊற்ற,
மிஞ்சியது, நிரம்பினால் வழியட்டும் என்று
யோர்மா இழுத்துவைத்த குழாய் வழியே
குளியலறைச் சாக்கடைக்கு
உப்போடு போய்க்கொண்டிருந்தது.

உப்பை மட்டும்
நாங்கள் இருவருமே கேட்கவில்லை.
முப்பத்தைந்து இருக்க வேண்டும்.
இருபத்தெட்டு.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே,
சரி.
குப்பைக்குப் போகும் முன்
இடுக்கி எடுத்தேன்.
வெள்ளைக் கோட்டுக்கு இரண்டு விரல் மேலே
உயிருள்ள சதையில் வெட்டினேன்.
நறுக்கென்ற சத்தம் எனக்குப் பழக்கம்,
கூசியது இன்றைக்குத்தான்.
மூன்று துண்டுகள்.
அயோடின் நீரில் முக்கி,
பசை வைத்துக் கல்லில் ஒட்டினேன்.
உப்பை ஒரே மூச்சில் ஏற்றினால்
மிச்சமும் போகும்.
ஒரு நாளைக்கு ஒரு புள்ளி.
ஏழு நாள் சும்மா இருப்பது
ஆறு நாள் தவறு செய்ததைவிடக் கடினம்.

அன்றிரவு அழைத்தான்.
பின்னால் பனி உடையும் சத்தம்,
யாரோ அலமாரியைக் கவிழ்ப்பது போல.
என்ன காரணம்?
நத்தை.
வெகுநேரம் பனி மட்டும் உடைந்தது.
பிறகு, மூடி போட்டிருந்தேனே, என்றான்.

மிதவைக்கான வலைமூடி
உப்பு டப்பாவின் பக்கத்தில்
கழுவிக் காயவைத்தபடியே இருந்தது,
அவன் கிளம்பிய நாளிலிருந்து.
அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
வியாழக்கிழமை வந்து பார்.

ஒரு துண்டு போய்விட்டது.
இரண்டாவது பழுப்பாக நிற்கிறது, ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவதின் நுனியில் இன்று காலை
தூசி போல ஏதோ.
கண்ணாடியைத் துடைத்தேன்.
இன்னும் இருந்தது.
வேலைக்கு நேரமாகிவிட்டது,
பூட்ஸ் போட்டபடியே
மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தேன்.