நடுவில் ஒரு சுழி

புயல் போய் மூன்றாம் ராத்திரி.
விருதம்பட்டில் பக்கத்துத் தெருவரைக்கும் வந்த கரண்ட்
எங்கள் முனையில் நின்றுவிட்டது.
ஃப்ரிட்ஜுக்குள் மகனின் இன்சுலின்
உருகின ஐஸ் நடுவே வியர்த்துக் கிடந்தது.

பந்தல்காரரிடம் பேசி, நாளுக்குத் தொள்ளாயிரத்துக்கு
ஜெனரேட்டர் இழுத்து வந்தான் கொழுந்தன் ஜலேந்திரன்.
கூடவே ஒரு ஒயர்,
இரண்டு முனையிலும் பிளக்.
"இந்தாண்ட மெஷின்ல, அந்தாண்ட சுவத்துல.
வூடு மொத்தமும் எரியும் அண்ணி, இன்னா சொல்ற?"

நான் மின்வாரிய அலுவலகத்தில்
கோப்பு தைக்கிறவள்.
போன வருஷக் கோப்பு ஒன்று:
கம்பத்தில் இருந்தவர், வயது முப்பத்தொன்று.
லைன் நிறுத்தப்பட்டிருந்தது என்று ஒரு தாள்.
லைனில் மின்சாரம் இருந்தது என்று அடுத்த தாள்.
இரண்டையும் ஒரே நூலில் கோத்தேன்.
இரண்டும் உண்மை.

டிரான்ஸ்பார்மருக்கு வந்த வழி போகிற வழி தெரியாது.
பதினோராயிரத்தை இருநூற்று முப்பதாய் இறக்கித் தருவது
நம் வீட்டு இருநூற்று முப்பதை
ஏற்றியும் அனுப்பும்,
யாரோ கை வைக்கிற இடம் வரை.

கத்தரி எடுத்து ஒரு பிளக்கை நறுக்கினேன்.
அதோடு ஜலேந்திரன் பேச்சு நின்றது.
அன்று ராத்திரி மெஷினிலிருந்து நேராக
ஃப்ரிட்ஜுக்கு மட்டும் ஒரு ஒயர்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் துளுக்காணம்
மீட்டர் பக்கத்தில் சேஞ்ச் ஓவர் மாட்டினார்.
ஒன்று, சுழி, இரண்டு.
ஒன்றிலிருந்து இரண்டுக்குச்
சுழியைத் தாண்டாமல் போக முடியாது.
அந்த ஒரு நொடி
வீடு யாருடையதும் இல்லை.

ஃப்ரிட்ஜ், ரெண்டு ஃபேன், நாலு பல்பு.
மோட்டார் போட்டால் மெஷினுக்கு மூச்சு திணறும்.
"வெளிய வெச்சா திருடு போவும்" என்று
அதை வராந்தாவுக்குள் தள்ளப் பார்த்தான் ஜலேந்திரன்.
வாசம் காட்டாமலே தூங்கவைக்கும் அந்தப் புகை.
ஜன்னலுக்கு எட்டாத புங்க மரத்தடியில்
தகரம் போட்டு, சங்கிலி கட்டி நிறுத்தினோம்.

சாயங்காலம் கம்பத்தின் மேல் இருசப்பன்.
சத்தம் கேட்டுக் குனிந்தான்:
"யக்கா, யார் வூட்டு மெஷின் அது?"
"எங்களுதுதான். லைன்லேர்ந்து பிரிச்சாச்சு,
வேணும்னா எறங்கி வந்து பாரு."
தலையாட்டினான்.
ஆனாலும் எர்த் கம்பியை எடுத்து
ஒவ்வொரு லைனிலும் மாட்டின பிறகுதான்
வேலையில் கை வைத்தான்.

என்னை அவன் நம்பாதது
எனக்குப் பிடித்திருந்தது.
அப்படியே இரு, இருசப்பா.