உள்சக்கரம்

வின்னமக்காவில், லாரிகள் திரும்பும் புழுதித் தரையில்
எங்கள் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினாள் மைத்தே.
வீடென்றால் வீடுதான்.
முப்பத்திரண்டு அடி, ஆறு சக்கரம்.
மினசோட்டாவில் விற்ற வீட்டின் பணம் மொத்தமும்
இந்தத் தகரத்துக்குள் படுத்துக் கிடக்கிறது.
அலமாரிக் கதவுகளுக்குக் கொக்கி மாட்டிவிட்டு
பூனையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஆர்டிஸ் இறங்கினாள்.
ஒரு முட்டையை மறந்திருக்கிறாள்.
பின்பக்கம் உயர உயர
சமையல் மேடையில் அது உருண்டு போய்
விழுந்தது
எங்கள் மூவருக்கும் கேட்டது.

மூன்று வாரமாகக் காற்று இறங்குகிறது.
இடது பின்புறம், இரட்டையில் உள்பக்கத்து டயர்.
இன்று காலை எண்பது, மறுநாள் அறுபத்தெட்டு.
வால்வு என்றேன்.
மலைக்குளிர் என்றேன்.
அளவுமானி பொய் சொல்கிறதென்று புதிதாய் ஒன்று வாங்கினேன்,
அதுவும் அறுபத்தெட்டு என்றது.

வால்வின் ஊசியை உருவினாள் மைத்தே.
சீறல் முழுதாய் அடங்கும்வரை
யாரையும் கிட்டே விடவில்லை.
பிறகு வெளிச்சக்கரம். பிறகு உள்சக்கரம்.
எட்டு வருடம் வெயிலே காணாத அலுமினியம்,
பிரேக் தூளில் அடுப்புக்கரி போல.
கழுவித் துடைத்து, சிவப்பு மை தெளித்து
"பத்து நிமிஷம்" என்றாள்.
அந்தப் பத்து நிமிஷமும் நான் ரயில் பெட்டிகளை எண்ணினேன்.
நூற்றுப் பதினொன்று.
மையைத் துடைத்து வெள்ளைப் பொடி அடித்ததும்
ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்கு
மெல்ல ஊறி வந்தது
மயிரிழைச் சிவப்பு.

"மற்ற ஐந்தையும் பார்த்துவிடுவோம்" என்றாள்.

மற்றதெல்லாம் நான் மெருகேற்றியவை.
ஞாயிற்றுக்கிழமை தவறாமல், பழைய பனியன் துணியால்,
பார்த்துச் சவரம் செய்யலாம் என்னும் அளவுக்கு.
முன்வலது சக்கரத்தில்
நட்டுக் குழியின் ஓரத்தில்
அரை அரிசி நீளத்துக்கு இன்னொன்று.
"இது கண்ணுக்கே தெரிந்திருக்குமே?"
மைத்தே சும்மா கேட்டாள்.
போஸ்மனில், ஆகஸ்ட்டில், என்றேன்.
கீறல் என்று நினைத்தேன் என்றேன்.
கீறல்தான் என்று
அதன்மேல் இன்னும் கொஞ்சம் பாலிஷ் தேய்த்ததைச் சொல்லவில்லை.
ஆர்டிஸ் பூனையைத் தடவுவதை நிறுத்தியிருந்தாள்.
இரண்டாயிரம் மைல்.
டீட்டன் கணவாயின் இறக்கம் அத்தனையும்
அவள்தான் ஓட்டினாள்.

அதே அலுமினியம் ரீனோவிலிருந்து வர இரண்டு வாரம்.
இரும்பு கையிலேயே இருந்தது, இரண்டு,
சாம்பல் பெயிண்ட், ஒன்றில் சுண்ணக்கட்டியால் எழுதிய பழைய விலை.
"இரும்பு" என்றாள் ஆர்டிஸ், என்னைக் கேட்காமல்.
இரும்பின் தகடு மெலிது, நட்டும் வேறு.
போல்ட்டு முனையில் எத்தனை மரை வெளியே நிற்கிறதென்று
மைத்தே விரலால் தடவித் தடவி எண்ணினாள்.
குறுக்கு மறுக்காய் முடுக்கினாள்.
ஐம்பது மைலில் நிறுத்தி
மறுபடி முடுக்கச் சொன்னாள். மறந்துவிடாதே என்று
என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னாள்.

பேட்டில் மௌண்டனுக்குச் சற்று முன்னால்
சாலையோரச் சரளையில் ஒதுக்கினோம்.
உள்ளே முட்டை காய்ந்து தரையோடு ஒட்டியிருந்தது,
இருவரும் அதைத் தாண்டித்தான் இறங்கினோம்.
முறுக்குச் சாவியை எடுக்கப் போனேன்.
"டார்ச்சைப் பிடி" என்றாள்.
பிடித்தேன்.
லாரி ஒவ்வொன்று கடக்கும்போதும்
வீடு லேசாக ஆடியது.
முதல் நட்டு, சொடுக்கியது.
இரண்டு, மூன்று, நான்கு, சொடுக்கின.
ஏழாவது சொடுக்கவில்லை.
அவள் உடம்பு முழுவதையும் சாய்த்தாள்.
கால் சுற்று நகர்ந்தது,
அதன்பிறகே அந்தச் சின்னச் சத்தம்.

ஒன்றும் பேசாமல்
எட்டாவதுக்குப் போனாள்.
வெளிச்சம் ஆடுகிறது, என்றாள்,
நேராகப் பிடி.