முப்பத்தைந்துக்கு ஐம்பது

பாகாவ் பெரிய சாலையில், உரக்கடைக்கு மாடியில் என் கடை.
அவசரப் படம், ஜெராக்ஸ், லேமினேட், டாப்-அப்.
ஜன்னலைத் திறந்தால் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள்,
மூடினாலும் ஆலையின் புளித்த வாடை.

யுவநேசனை நான் முதலில் எடுத்தது ஆறாம் ஆண்டுப் பரீட்சைக்கு.
மூக்கு ஒழுகியது, துடைத்துவிட்டு எடுத்தேன்.
பிறகு லாரி லைசன்சுக்கு ஒன்று.
அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக,
கறுப்புக் கண்ணாடியைக் கழற்றமாட்டேன் என்று
அடம்பிடித்து நின்ற ஒன்று.
ஒவ்வொரு தடவையும் "எடுக்கட்டுமா?" என்று கேட்டிருக்கிறேன்.
கேட்காமல் ஒருவரையும் எடுத்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை வந்த படத்தில்
ஊதா நிற லாக்கப் சட்டை.
நெஞ்சுக்கு நேராக எண் எழுதிய பலகை.
உச்சியிலிருந்து கொட்டும் ட்யூப் லைட்.
அந்த வெளிச்சத்தில் கோயில் குருக்களை நிறுத்தினாலும்
கண்ணுக்குக் கீழே குழி விழுந்து
திருடனாகத்தான் தெரிவார்.
தொழில் தெரிந்தவள் சொல்கிறேன்.

இரவுச் சந்தையில் சங்கிலி அறுத்தவன் இவனாம்.
யார் பாலாய்க்குள்ளிருந்து அனுப்பினார்களோ,
ஊர் பசியாறி முடிப்பதற்குள்
தோட்டத்துக் குழுக்கள் மூன்றையும், இளைஞர் மன்றத்தையும்,
அக்காவின் மாமியார் வீட்டையும் தாண்டிவிட்டது.
நாலாம் டிவிஷனில் அவன் அம்மா
இரவு லாரி ஓட்டிவிட்டு மகன் வருவானென்று
தோசை மாவு கரைத்துக்கொண்டிருந்தாள்.

உரக்கடை மங்களேஸ்வரி என்னை நியாயம் பேச விடமாட்டாள்.
இரண்டு வருஷம் முன்பு அவள் கழுத்தில் ஏழு தையல்.
அவளை இழுத்துப் போட்டவனின் படம் வெளியே வந்த பிறகுதான்
இன்னும் மூன்று பெண்கள் புகார் கொடுக்கப் போனார்கள்.
"மூஞ்சியக் காட்டாம இருந்திருந்தா
அவளுங்க வாயத் திறந்திருப்பாளுங்களா?"
மூன்று பேருக்குக் காட்டவேண்டியதை
ஊருக்கே காட்டுவானேன் என்றேன்.
"அந்த மூணு பேரு யாருன்னு முன்னாடியே தெரியுமா ஒனக்கு?"
தெரியாது.
தழும்பைப் பார்த்துக்கொண்டே எதிர்வாதம் செய்ய
எனக்கு வரவுமில்லை.

ஏழாம் நாள் விட்டுவிட்டார்கள்.
மோட்டார் நம்பரில் ஒரு எண்ணை யாரோ மாற்றிப் படித்திருந்தார்கள்.
அந்தச் செய்தி ஒரே ஒரு குழுவில் வந்தது.
உடனே அதன்மேல் யாரோ ஒரு பிறந்தநாள் கேக்கைப் போட்டார்கள்,
அதற்கு நாற்பது வாழ்த்து.

போன மாதம் மாடி ஏறி வந்தான்.
லாரிக் கம்பெனி நிற்கச் சொல்லிவிட்டதாம்.
சிரம்பானில் ரப்பர் கையுறை ஃபேக்டரி,
விண்ணப்பத்தில் ஒட்ட, முப்பத்தைந்துக்கு ஐம்பது.
நீலத் திரையை இறக்கினேன், குடை விளக்கைத் திருப்பினேன்.
கேட்கப் போவதற்குள் விறைத்து நின்றுவிட்டான்.
இரண்டு கையும் தாமாக நெஞ்சு வரை ஏறின,
எதையோ ஏந்துவதுபோல.
பொத்தானை அழுத்தினேன்.
சொல்லாமலே வலப்பக்கம் திரும்பி நின்றான்.

"ஒண்ணு போதும் தம்பி."

காது மடல் சிவந்தது அவனுக்கு.
எனக்கும் எங்கோ சிவந்திருக்கவேண்டும்.
அந்தச் செவ்வாய்க்கிழமைப் படத்தை
குளுவாங்கில் இருக்கும் தங்கைக்கு அனுப்பியவள் நான்.
'நம்ம பையன்டி, பாரேன்' என்று எழுதி.
எடுப்பதற்குத்தான் கேட்டுப் பழகியிருந்தேன்,
அனுப்புவதற்கு இல்லை.
இதை அவனிடம் சொல்லவில்லை.
கண்ணுக்குக் கீழே நிழலைக் கொஞ்சம் வெளுத்து
எட்டுப் படம் வெட்டிக் கொடுத்தேன்.

பணம் வேண்டாம் என்றதற்குப் பன்னிரண்டு வெள்ளியை
கண்ணாடிக்குக் கீழே செருகினான்.
நாலு படத்தை எடுத்துக்கொண்டு நாலைத் தள்ளினான்.
"இது இருக்கட்டும்க்கா.
யாராச்சும் என் படம் கேட்டா இதக் குடுங்க."

டாப்-அப் அட்டைகளுக்கு அடியில் கிடக்கிறது.
கேட்டு யாரும் வரவில்லை.
சில்லறை தேட இழுப்பறையைத் திறந்த மங்களேஸ்வரி
ஒன்றை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தாள், நெடுநேரம்.
"பல்லு வரிசை நல்லா இருக்கு" என்றாள்.
வைத்துவிட்டு, ஐந்து வெள்ளிக்குச் சில்லறை கேட்டாள்.