பதினான்கு நொடி

கூரை மட்டும்தான் என் பொறுப்பு.
என்ஜினுக்கு வேறு ஆள்.
இருக்கைத் தோல் ஒரகடத்தில் ஜெயசீலி தைத்தது,
அங்குலத்துக்கு எட்டுத் தையல், நீல நூல்.

பள்ளத்தூர் சாலை, சித்திரை, நிழலிலேயே நாற்பத்தொன்று.
பட்டனை அழுத்தினால் துணி மூன்றாக மடிந்து
பின்னால் போய் உட்கார வேண்டும், பதினான்கு நொடியில்.
இங்கே பதினேழு.
திரும்பி வரும்போது கொக்கி
இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கடிக்கிறது,
பல் விழுந்த பிள்ளை சீடையைக் கடிப்பதுபோல்.
நீண்டது துணியா, சட்டமா?
ரப்பர் உதட்டில் ஒட்டிய செம்மண்ணைப்
பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுத்தபடி கிடந்தேன்.

"விலை என்ன வரும்?" என்றான்
நாங்கள் தங்கிய வீட்டுக் காவலாள் சாத்தையா.
ஒன்றேகால் கோடி.
"கூரை இல்லாததுக்கா?"
இருக்கு. வரமாட்டேங்குது.

இரவு கோடை மழை.
வேம்படியில் கார், பாதி திறந்த வாயோடு.
ஓடிப்போய் அழுத்தினேன். ஏழு, எட்டு,
அங்கேயே நின்றுவிட்டது.
சட்டத்தின் ஓரமாக வழிந்த நீர்
நான் வரைந்திருந்த வடிகுழாயைத் தேடியது.
நாற்பது ரூபாய்க் குழாய்.
தீபாவளிக்கு முன் செலவுக் கூட்டத்தில் வெட்டினார்கள்;
நானும் தலையாட்டினேன்.

வீட்டுக்குள், வளவில்,
நாலு மூலைத் தகரமும் கொட்டின.
வானம் நேராக உள்ளே விழுந்து
ஒரு கல்துளைக்குள் நுழைந்து தெருவுக்குப் போனது.
ஒருத்தரும் எழுந்து பார்க்கவில்லை.

நனைந்த இருக்கையிலேயே அறிக்கையை அடித்தேன்:
குழாயைத் திரும்பப் போடுங்கள்.
எழுந்தால், வெள்ளைப் பேண்ட்டில்
வரிசை வரிசையாக நீலப் புள்ளி.

அது என் பொறுப்பில்லை.
விடிந்ததும் ஜெயசீலிக்குப் போன் செய்யணும்.