இருபத்திரண்டாம் கதவு

முதலில் எல்லாரையும் தடு.
அப்புறம் என்னை மட்டும் விடு.
இரண்டே வரி. நோட்டில் இப்படித்தான் எழுதியிருந்தேன்,
ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேல்மாடி வகுப்பில்,
மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்த ஒரே நாளில்.

முதல் வரிக்கு என்டர் தட்டினேன்.
இரண்டாவதை அடிக்க அங்கே நான் இல்லை.
விரல் தட்டுகிறது, எழுத்து வரவில்லை.
ராத்திரி பதினொன்றே கால்.
சேலத்தில் நான். ஏற்காட்டில் சர்வர்.
நடுவில் நானே எழுப்பிய சுவர்.

நூருல்லாவுக்குப் போன் போட்டேன்.
சிரித்தான். சிரித்து முடித்து,
"எல்லாருக்கும் ஒருமுறை ஆகும் குணவதி,
எனக்கு ஒரு பேங்க்ல ஆச்சு" என்றான்.
ஆறுதலாகத்தான் சொன்னான்.
எந்த பேங்க் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

காலை முதல் பஸ்.
கோரிமேடு தாண்டும்போதே ஜன்னல் கம்பி குளிர்ந்தது.
பையில் ஒரு கீபோர்டு, நேற்றைய சப்பாத்தி.
பையைவிட நீளமாய் வெளியே நீட்டிக்கொண்டிருந்த கீபோர்டுக்கு
லக்கேஜ் போடலாமா என்று யோசித்துப் பார்த்துவிட்டு
கண்டக்டர் பெரிய மனது பண்ணினார்.

கொண்டை ஊசி ஒன்று. இரண்டு.
வளைவுக்கு வளைவு பலகையில் எண்.
மலைக்கு இருபதோடு முடிந்துவிடுகிறது;
எனக்கு வேலை இருபத்திரண்டில்.

பதினான்காவதில்,
டிரைவர் ஹாரனை விடாமல் அழுத்த,
எதிரே காபி மூட்டை லாரி முனகிப் பின்வாங்க,
சட்டென்று உறைத்தது:
அந்த வரியை நான் சேமிக்கவே இல்லை.
மெமரியில் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை.
அணைத்துப் போட்டால் மறந்துவிடும்.
எஸ்டேட் ஆபீசில் யாரையாவது
பொத்தானை ஒரு தரம் அமுக்கச் சொல்லியிருந்தால்
இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பேன்.
போனை எடுத்தேன். ஒரு கோடுகூட சிக்னல் இல்லை.
வாந்திக்கு எலுமிச்சை முகர்ந்துகொண்டிருந்த பக்கத்து சீட்டுப் பெண்
பழத்தை என் பக்கம் நீட்டினாள்.
என் முகம் அப்படி இருந்திருக்கிறது.

செலஸ்டின் மேனேஜர் அறையைத் திறந்துவிட்டார்.
மிளகு மூட்டைக்கும் பேரேடுகளுக்கும் நடுவே
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு அது,
ஒன்றுமே நடக்காததுபோல.
"என்னங்க ரிப்பேரு?"
"ரிப்பேர் இல்லீங்க. சொன்னதைச் செஞ்சிருக்கு."
அப்படி ஒரு புகாரை
அந்த ஆபீசில் அவர் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது.

கீபோர்டைச் செருகினேன்.
யார் என்று கேட்டது. பெயர் சொன்னேன்.
பாஸ்வேர்டை ஒரு புள்ளிகூடக் காட்டாமல் வாங்கிக்கொண்டது.
எத்தனை நாளாய் ஓடுகிறாய் என்று கேட்டேன்.
இருநூற்றுப் பதினோரு நாள்.
அடைமழை, கரண்ட் கட், ஜெனரேட்டர் புகை,
யாரோ ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம்
மூடியின் மேல் காய்ந்து உதிர்ந்த பிறகும்.
பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
அமுக்க மனம் வரவில்லை.

விதிகளை வரிசையாய்க் காட்டச் சொன்னேன்.
தலைமாட்டில் என் வரி: எல்லாரையும் தடு.
எழுதியவளையும் சேர்த்து என்று
எழுதாமலே புரிந்துகொண்டிருக்கிறது.
அதற்கு மேலே என்னைச் செருகினேன்.
மேலிருந்து கீழாகத்தான் படிக்கும்,
பொருந்திய முதல் வரியோடு நின்றுவிடும்.
தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி
ஐந்துக்கு ஐந்து வாங்கியிருக்கிறேன்.

இறங்கும் பஸ்ஸில் பலகைகள் பின்னோக்கி எண்ணின.
நோட்டை எடுத்து, குலுங்கும் எழுத்தில்,
அந்த இரண்டு வரிக்கும் முன்னால் இன்னொன்று சேர்த்தேன்:
ஐந்து நிமிடத்தில் நான் திரும்பி வராவிட்டால்
நான் செய்ததை அழித்துவிடு.

அடிவாரத்தில் சிக்னல் வந்தது.
வீட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால்.
செலஸ்டினிடமிருந்து ஒன்று.
பிரிண்டர் வரவில்லையாம்.