ரசமட்டம்

சொட்டிக்கொண்டிருந்தது ஒரு குழாய். அவ்வளவுதான்.
இரவில் படுத்தபடி எண்ணுவேன், பதினொன்று, பன்னிரண்டு.
பக்கத்தில் சைரல் குறட்டை விடுவான்.
ஐம்பது சென்ட் ரப்பர் வாஷர் ஒன்று போதுமாயிருந்தது.

லியாண்டர் பெக் வந்தான்,
காதிடுக்கில் பென்சிலும் கையில் ரசமட்டமுமாக.
குழாயைப் பார்க்கவில்லை. சுவரைத் தட்டினான்,
வைத்தியன் முதுகைத் தட்டுவதுபோல.
உச்சுக்கொட்டினான்.
அந்த ஒரு 'உச்'சுக்கு நாலாயிரம் டாலர் முன்பணம்.

"மூன்று வாரம்" என்றான்.
எந்த வருடத்து மூன்று வாரம் என்று
கேட்கத் தோன்றவில்லை எங்களுக்கு.

முதல் நாளே சுவரைப் பிளந்தான்.
கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள்.
எங்கள் சுவரிலிருந்து கிளம்பியவை பிளேடுகள்.
துருவேறிய சவர பிளேடுகள், நூறு நூறாய்,
சரசரவென்று என் செருப்பின்மேல்.
மருந்து அலமாரியின் முதுகில் மெல்லிய பிளவு ஒன்று உண்டு;
மழுங்கியதை அதற்குள் தள்ளிவிடுவார்களாம் அந்தக் காலத்தில்,
சுவருக்குள் போனால் உலகத்தைவிட்டே போன மாதிரி.
எங்களுக்குமுன் இங்கிருந்த ஹாலரன் வீட்டு ஆண்கள்
தாடை தாடையாய் மழித்த காலைகள்.
ஒரு வாளி நிறைய அள்ளினேன்.
வாளி இன்னும் இருக்கிறது. எங்கே கொட்டுவதென்று தெரியவில்லை.

இரண்டாம் நாள் குளியல்தொட்டியைக் கழற்றி முற்றத்தில் வைத்தான்.
மூன்றாம் நாள் துறைமுகம்வரை மூடுபனி, வேலை இல்லை.
நான்காம் நாள் அவன் மாமா இறந்துபோனார்.
அடுத்த மாதமும் ஒரு மாமா.
அக்டோபருக்குள் அவனுக்கு மாமாக்களே மிஞ்சவில்லை.
பிறகு போனை எடுப்பதை நிறுத்தினான்.

"நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றான் சைரல்.
கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில்
நான் மிகவும் பயந்த வாக்கியம் அது.
டிரில்லை வைத்தான். சரியாகக் குழாயின் நடுவில்.
வாழ்க்கையில் அவன் குறி தப்பாத ஒரே சமயம்.
கீழே, சமையலறை விளக்கின் கண்ணாடிக் கிண்ணம் நிரம்பி
மீனில்லாத மீன்தொட்டியாய் ஒரு நிமிடம் எரிந்து
அணைந்தது.
சொட்டிய குழாய்? அது நின்றுவிட்டது,
மாடிக்குத் தண்ணீரே போகாததால்.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவர்கள் நாங்கள்.
செவ்வாயும் சனியும் நாத்தனார் வீட்டில் குளியல்;
துண்டைச் சுருட்டிக்கொண்டு வழுக்கும் தெருவில் மேடேறுவோம்.
முற்றத்தில் எங்கள் தொட்டியில்
விளிம்புவரை பனி.

டிசம்பரில், அவன் விட்டுப்போன ரசமட்டத்தைக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டார்பேவுக்குப் புறப்பட்டேன்.
வழியெல்லாம் ஒத்திகை.
'திருடா' என்று தொடங்குவதா,
'லியாண்டர், நலமா' என்று தொடங்குவதா.

கதவைத் திறந்தவள் அவன் மனைவி டார்லீன்.
என்னைப் பார்த்தாள், ரசமட்டத்தைப் பார்த்தாள்.
"நீங்களுமா" என்றாள்.

மாடிப்படிக்குக் கைப்பிடி இல்லை, ஒரு கப்பல் கயிறு.
சமையல் மேடை இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு முக்காலிமேல் கிடத்திய பழைய கதவு,
பித்தளைக் குமிழ்கூடக் கழற்றாமல்.
"ஏழு வருடம்" என்றாள். "மூன்று வாரம் என்றுதான் சொன்னான்."
குமிழுக்கு இந்தப் பக்கம் என் கோப்பை, அந்தப் பக்கம் அவளுடையது.
டீ குடித்தோம்.
பணத்தைப் பற்றி நான் பேசவில்லை.
இப்போதைய வருத்தம் அதுதான், குளியலறைகூட இல்லை.

பேச்சுக்கு நடுவே ரசமட்டத்தைக் கதவின்மேல் வைத்தேன்.
குமிழி இடப்பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது.
மேசை கோணல் என்று நினைத்தேன்.
முனை மாற்றித் திருப்பி வைத்தேன்.
இப்போது வலப்பக்கம்.

டார்லீன் குனிந்து பார்த்தாள்.
"இவ்வளவு நாளும் இதை வைத்தா" என்று தொடங்கியவள்
முடிக்கவில்லை.

வெளியே வேன் வந்து நின்றது.
இறங்காமல் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்,
அவர்களுக்குத் தெரியாதென்றாலும்
மூன்று விரலைக் காற்றில் காட்டியபடி.